சர்ச் மாதிரியே இல்லையே!

நவீன பாணியில் கட்டிய ஒரு மாதா கோயிலின் படத்தை நம்மூரில் யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற விமர்சனம் இதுதான்: "சர்ச் மாதிரியே இல்லையே!" பின்னே எப்படி இருக்க வேண்டுமாம்? வானத்தைக் குத்துகிற கோபுரம், கூர்வளைவு ஜன்னல், மேலே சிலுவை, மொத்தத்தில் சாந்தோம் போல, வேளாங்கண்ணி போல. கேட்டால், அதுதான் மரபு என்கிறார்கள்.

சரி, இந்த 'மரபு' என்கிற கணக்கைக் கொஞ்சம் தணிக்கை செய்து பார்க்கலாம்.

இன்று நிற்கிற சாந்தோம் பேராலயக் கட்டடம் 1896-இல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தது. கோதிக் பாணி 12-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பிறந்தது. அதை விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து ஆசைப்பட்டுத் தூசி தட்டி எடுத்தது. அந்த ஃபேஷன் கப்பலேறி மெட்ராஸுக்கும் வந்தது. தோமையார் இந்தியாவுக்கு வந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.பி. 52. அதற்கும் இந்தக் கூர்வளைவுக்கும் நடுவே 1,800 வருஷத்துக்கும் மேல் இடைவெளி. இதை மரபு என்று சொல்பவர்கள், பாட்டி கல்யாணத்தில் எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு "எங்கள் வம்சமே கறுப்பு வெள்ளை" என்று சொல்பவர்களைப் போலத்தான்.

அப்படியென்றால் எது பழசு? அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினாலே போதும். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் கண்டெய்னர் லாரிகள் திரும்புகிற அதே ஊர். அங்கே பாடலாத்ரி நரசிம்மர் இருப்பது பல்லவர் காலத்துக் குடைவரையில். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால் கருவறையை மட்டும் தனியாகச் சுற்றிவர முடியாது. வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். அதாவது அங்கே கட்டடத்தின் அளவைத் தீர்மானித்தது பாறையும், நடந்து வருகிற மனிதனின் காலும்தான். அதைப் பார்த்து "கோயில் மாதிரியே இல்லையே" என்று இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

அதே ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டியில் இறங்கி, மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் சின்னமலை. அங்கேயும் கதை ஒரு குகையில்தான் தொடங்குகிறது. தோமையார் ஒளிந்திருந்ததாக நம்பப்படும் குகை அது. அதன் பக்கத்தில் 1971-இல், தோமையார் உயிர்நீத்து 1,900 ஆண்டுகள் ஆவதன் நினைவாக, ஆரோக்கிய மாதாவுக்கு ஒரு வட்டமான ஆலயம் எழுப்பினார்கள். வட்டம் என்பது சும்மா ஸ்டைலுக்காக வந்ததல்ல. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் குருவானவர் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பீடத்தைச் சுற்றி ஜனங்கள் கூட வேண்டும் என்றால் அதற்கு நீளமான மண்டபத்தைவிட வட்டம்தானே பொருத்தம்? நீள மண்டபத்தில் கடைசி வரிசைக்காரர் பார்ப்பது முன்னால் இருப்பவரின் முதுகை.

இந்த யோசனையின் உச்சம் இருப்பது பிரான்ஸில், ரோன்ஷாம் என்ற ஊரின் குன்றின்மேல். அங்கே பல காலமாக மாதாவுக்கு யாத்திரை நடந்துவந்தது. இருந்த கோயில் 1944-இல் போரில் சிதைந்தது. புதிதாகக் கட்டும் வேலை 1950-இல் லெ கார்பூசியரிடம் வந்தது. சண்டிகர் நகரத்தை வடிவமைத்தாரே, அவரேதான். 1955 ஜூனில் சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. நண்டு ஓட்டைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொன்ன கூரை, வளைந்த சுவர்கள், ஒழுங்கில்லாத ஜன்னல்கள். பார்த்தவர்கள் அங்கேயும் "சர்ச் மாதிரியே இல்லையே" என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் உள்ளே போய்க் கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. இடிந்த பழைய கோயிலின் கற்களையே புதுச் சுவர்களுக்குள் வைத்து நிரப்பினார்கள். தரை குன்றின் சரிவை ஒட்டியே பீடம் நோக்கி இறங்குகிறது. கூரை ஒரே பாளமல்ல. சுமார் 6 செ.மீ. கனத்தில் இரண்டு கான்கிரீட் ஓடுகள், நடுவே இரண்டு மீட்டருக்கு மேல் வெற்றிடம். கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லாத கீற்று வழியாக வெளிச்சம் வருகிறது. தெற்குச் சுவர் அடியில் மூன்று மீட்டருக்கு மேல் அகலம். அதில் குழிகுழியாக ஜன்னல்கள். உள்ளே நிற்பவருக்குக் குகைக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். கூரையில் விழும் மழை மொத்தமும் ஒரே தூம்பு வழியாக மேற்குப் பக்கத் தொட்டியில் விழுகிறது. மழைநீர் சேகரிப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லைதான். ஆனால் அதையே கட்டடத்தின் அழகாக மாற்றியிருக்கிறார்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உள்ளே சுமார் 200 பேருக்குத்தான் இடம். யாத்திரை நாளில் வருவதோ ஆயிரக்கணக்கில். அதனால் கிழக்குப் பக்கம், நீண்டு தொங்கும் கூரைக்கடியில், வெளியிலேயே இன்னொரு பீடம், பிரசங்க மேடை. சுவரிலுள்ள கண்ணாடி மாடத்தில் மாதா சொரூபம். உள்ளே பூசை நடந்தால் உள்ளே பார்க்கும். வெளியே கூட்டம் நின்றால் அவர்கள் பக்கம் திருப்பிவிடலாம். அங்கே பெரிய யாத்திரை நாள் எது தெரியுமா? செப்டம்பர் 8. வேளாங்கண்ணித் திருவிழாவும் அதே நாள்தான்! வேளாங்கண்ணிக்கு அன்று வருகிற ஜனத்தை எந்தக் கூரையும் கொள்ளாது. உண்மையான கோயில் அன்றைக்கு வெளியில், மணலில், ரோட்டில்தான் நடக்கிறது. அந்த வெளியையும் கோயிலாகவே நினைத்து வரைந்தவர் லெ கார்பூசியர். இத்தனைக்கும் அவர் பக்தர் அல்ல.

"கான்கிரீட் நம்ம வெயிலுக்கு அடுப்பாகிவிடும்" என்று ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான வாதம். ஆனால் இன்றைக்குக் கட்டப்படும் 'கோதிக்' கோயில்கள் மட்டும் எதில் கட்டப்படுகின்றனவாம்? அதுவும் கான்கிரீட்தான்! பழைய கோதிக்கில் கூர்வளைவு கூரையின் பாரத்தைத் தாங்கியது. அதற்கு ஒரு வேலை இருந்தது. இன்றைய கட்டடத்தில் தாங்குவது பில்லரும் பீமும். வளைவு சிமெண்ட் பூச்சில் சும்மா நடிக்கிறது. செலவு முழுக்க நடிப்புக்கு. காற்றுக்கும் நிழலுக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்புறம் ஏசி வேண்டும், அதற்கு மாதாமாதம் கரண்ட் பில் வேண்டும். காமர்ஸ் முதல் வருஷ மாணவன்கூட இதை நல்ல முதலீடு என்று சொல்ல மாட்டான். லாரி பேக்கர் 1971-இல் திருவனந்தபுரம் லயோலா வளாகத்தில் கட்டிய சிற்றாலயத்தில் செங்கல் ஜாலி வழியாகவே காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டார். சிக்கனமும் அழகும் சண்டை போடவில்லை.

இதெல்லாம் யாருக்காக? ரோன்ஷாம் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கம் 1958 வரை ஓடியது. நம் பக்கம் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் வாரம் முழுக்கத் தகரக் கூரைக்கடியில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரப் போகிற கோயில்கள் இந்தப் பகுதியில் இனியும் கட்டப்படும். அவர்களுக்கு வேண்டியது ஐரோப்பியத் தபால் அட்டையின் நகல் அல்ல. நல்ல நிழல், காற்று, குடிக்கத் தண்ணீர், தாமதமாக வந்தாலும் வெளியே நின்றாவது பூசை பார்க்க ஒரு முற்றம். இதை உண்டியலில் பணம் போடுகிறவர்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது "சர்ச் மாதிரியே இல்லையே" என்று சொன்னால், அவரைச் சின்னமலைக் குகைக்குள் ஒரு தடவை குனிந்து நுழையச் சொல்லுங்கள். அதுவும் சர்ச் மாதிரி இல்லைதான். ஆனாலும் ஜனங்கள் அங்கே முழந்தாளிடுகிறார்கள்.