மருந்தை விட்டது யார்?

நாங்கள் பெரியம்மா என்று அழைக்கும் ஒருவருக்கு இந்த மார்கழியில் வலது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சுகர் வந்து எட்டு வருடம் ஆகிறது. கரும்பு வெட்டு, நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று ஐம்பத்தாறு வயதுவரை ஓய்ந்து உட்காராத கால் அது. வார்டில் படுத்திருந்தவர் தலையணைக்கு அடியிலிருந்து சிகிச்சை நோட்டை எடுத்து, "இதுல என்னதான் எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்று கொடுத்தார். சர்க்கரை அளவுகள், மாத்திரைப் பெயர்கள், தேதிகள். அவற்றுக்கு நடுவே மூன்று இடங்களில் ஒரே வரி: "நோயாளி ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை."

அந்த வரியைப் படித்துக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் மருந்தை விட்டார் என்பது உண்மை. ஏன் விட்டார், விட்டது அவர்தானா என்பதை அந்த நோட்டில் யாரும் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறோம்.

வருடத்துக்குப் பன்னிரண்டு முறை

காய்ச்சல் வந்தால் ஒருமுறை போகிறோம். கூலி போனாலும், கூட்டத்தில் நின்றாலும், அங்கே யாராவது முகம் சுளித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடலாம். சுகர், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, மனநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அப்படியல்ல. இவற்றுக்கு மாதம் ஒருமுறை, வருடத்துக்குப் பன்னிரண்டு முறை, சாகும்வரை போக வேண்டும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கே இரண்டு மூன்று முறை. ஒருமுறை தாங்கக்கூடிய இழப்பும் அவமானமும் பன்னிரண்டால் பெருக்கப்படும்போது நோயாளி மெல்ல நின்றுவிடுகிறார். அதைத்தான் 'ஒழுங்கின்மை' என்று எழுதுகிறார்கள்.

பெரியம்மா சொன்ன கணக்கு எளிமையானது: "மாத்திரை வாங்கப் போனா கூலி போவுது. கூலிக்குப் போனா மாத்திரை போவுது." வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். நடவுக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டு வயலில் இருப்பார். நூறு நாள் வேலையிலோ செயலியில் காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை படம் எடுக்கிறார்கள். நடுவில் மருத்துவமனைக்குப் போய் வந்தால் அன்றைய வருகை சிக்கலாகிறது. ஆக, பரிசோதனைக்கு ஒதுக்கிய நேரம் மாதச் சம்பளக்காரருக்கும் வீட்டில் இருப்பவருக்கும்தான் பொருந்துகிறது. கூலிக்காரரை நினைத்து யாரும் அந்த நேரத்தை வைக்கவில்லை.

எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். மலை, பழங்குடிப் பகுதிகளில் இது 3,000, 20,000. இந்தக் கணக்கில் தலைகள் உண்டு, தெருக்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆனால் நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் துணை சுகாதார நிலையக் கட்டடம் காலனிக்குள் இருப்பதை ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்தோம். மற்றவை ஊர்த் தெருவில், கோயிலுக்குப் பக்கத்தில், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு எதிரில் இருக்கின்றன.

காலனியிலிருந்து அங்கே அரை கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார்க்கும் அதிகாரிக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அந்த அரை கிலோமீட்டரில் செருப்பு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் திண்ணைகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு கோயில் திருவிழாவில் தகராறு நடந்த ஒரு கிராமத்தில் மூன்று மாதம் நம் பெண்கள் யாரும் அந்தத் தெரு வழியாக மாத்திரை வாங்கப் போகவில்லை. அவர்கள் பெயருக்கு எதிரிலும் 'வரவில்லை' என்றுதான் குறித்திருப்பார்கள்.

தொடாமல் பார்க்க முடியாத நோய்

சர்க்கரை நோய்க்கு மாத்திரை மட்டும் வைத்தியம் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்கைப் பிரித்து, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் கரும்புச் சோகை கீறினாலும் தெரியாது. புண் வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யாரும் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். விரல் கறுத்த பிறகுதான் வருவார்கள்.

பெரியம்மாவிடம் கேட்டோம்: "இந்த எட்டு வருஷத்துல யாராச்சும் உங்க காலைத் தொட்டுப் பாத்தாங்களா?" சிரித்தார். "எங்காலையா? மேசைக்கு அந்தாண்ட நின்னுதான் பதில் சொல்லுவேன். சீட்டைக் குடுப்பாங்க, வந்துருவேன்."

எட்டு வருடம், மூன்று முறை கண்டிப்பு, ஒருமுறைகூடக் காலைப் பார்க்கவில்லை. கூட்டம் அதிகம், மருத்துவர் ஒருவர்தான் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதே வரிசையில் "வாங்க, உட்காருங்க" என்று சிலருக்கு நாற்காலி கிடைப்பதையும், அறுபது வயதுக்காரர் ஒருவர் இருபத்தைந்து வயதுக்காரரால் "நீ எந்தத் தெரு?" என்று ஒருமையில் கேட்கப்படுவதையும் நாங்கள் அருகில் நின்று பார்த்திருக்கிறோம். தெருப் பெயர் கேட்ட பிறகு குரல் மாறுவதையும் பார்த்திருக்கிறோம். இன்னொரு கிராமத்தில், மாத்திரை கொண்டுவருபவர் காலனி முனை வேப்பமரத்தடியில் நின்று, விளையாடும் பையனைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தனுப்புவார். பிரஷர் பார்க்கும் கருவி அவர் தோளிலேயே தொங்கும். கையைத் தொடாமல் அதைக் கட்ட முடியாதே!

இதைச் சொல்வதால் எல்லாச் செவிலியர்களையும் தன்னார்வலர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் வீடு வீடாக அலைகிறவர்களும் உண்டு. இரவில் தன் வண்டியிலேயே நோயாளியை ஏற்றிப்போன கிராம சுகாதாரச் செவிலியரையும் நாங்கள் அறிவோம். நல்லவர் வந்தால் வைத்தியம், இல்லாவிட்டால் வேப்பமரத்தடி என்பதுதான் எங்கள் சண்டை. உரிமை என்பது யாருடைய நல்ல குணத்தையும் நம்பி இருக்கக் கூடாது.

வழக்கமான மூன்று பதில்கள்

"அரசு மருத்துவமனையில் சாதி பார்ப்பதில்லை" என்பது முதல் பதில். பார்ப்பதில்லை என்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது? 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் மருத்துவமனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுதுவதில்லை.

"ஏழைகள் எல்லோருக்கும் இதே கதிதான்" என்பது இரண்டாவது. ஊர்த் தெரு ஏழையும் கஷ்டப்படுகிறார், மறுக்கவில்லை. ஆனால் நர்சாக இருக்கும் ஓர் உறவினர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பங்காளி, "நம்ம பையன்தான், பாத்து அனுப்புங்க" என்று போன் போட ஓர் ஆள் அவருக்கு இருக்கக்கூடும். நம் காலனியில் முதல் தலைமுறை இப்போதுதான் நர்சிங் படிக்கிறது.

"குடிக்கிறார்கள், சோற்றைக் குறைப்பதில்லை, விழிப்புணர்வு இல்லை" என்பது மூன்றாவது. ரேஷன் அரிசியில் வயிறு நிறைப்பவரிடம் பழமும் கீரையும் பருப்பும் சாப்பிடு என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதற்குப் பெயர் விழிப்புணர்வா? அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவோடு வாழ்ந்தவர்தான். 1948இல் அவர் மணந்துகொண்ட சாரதா கபீர் ஒரு மருத்துவர். வேளைக்கு மருந்து, உணவுக் கட்டுப்பாடு, இடைவிடாத கவனிப்பு என வீட்டுக்குள்ளேயே ஒரு மருத்துவர் இருந்தும், 1956 டிசம்பர் 6 வரை அந்த நோய் அவரை வாட்டியது. உலகமே மெச்சிய படிப்பாளிக்கே பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிப்பெண் தனியாகச் சமாளிக்கவில்லை என்று திட்டுவது என்ன நியாயம்?

இருப்பதைக் கேட்டு வாங்குவோம்

தமிழ்நாட்டில் மருந்து இல்லை என்பதல்ல நம் குறை. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகம் 1994இலேயே தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளையும், இயன்முறை சிகிச்சையையும், வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம். 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. நமக்கு மிகவும் தேவையான திட்டம் இது. அதனால்தான் நம் வாசல்வரை வர வேண்டும் என்கிறோம். தோழர்கள் உங்கள் பகுதியில் உடனே செய்யக்கூடியவை:

30 வயதைக் கடந்த எவரும் சுகர், பிரஷர் பரிசோதனையை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கேட்கலாம். உங்கள் பகுதிச் செவிலியர் யார், எந்த நாளில் வருவார் என்பதைக் கேட்டு எழுதிக் காலனியில் ஒட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 எண்ணில் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் முற்றிய பிறகு தேடாதீர்கள். டயாலிசிஸ், அறுவைச் சிகிச்சைக்கு அது உதவும். தினசரி மாத்திரைச் செலவுக்கு உதவாது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கவனிக்கவும். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். எண்ணையும் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். காசநோய், புற்றுநோய், சர்க்கரையால் வந்த கால் புண், சிறுநீரகப் பாதிப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதிக்காலம் நிறைவேறியிருந்தால், இரண்டு ஆண்டுவரை 80 சதவீதச் சம்பளத்தோடு சிகிச்சை பெற விதி இருக்கிறது. பிடித்தம் மட்டும் செய்துவிட்டு எண்ணைத் தராத ஒப்பந்ததாரர் உங்கள் சம்பளத்தை மட்டுமல்ல, இந்த விடுப்பையும் சேர்த்தே திருடுகிறார்.

எங்கள் கோரிக்கைகள்

1. மாதத்தில் ஒரு நாளாவது நீண்டகால நோய்ச் சிகிச்சை முகாம் காலனிக்குள்ளேயே, வேலைக்குப் போகும் முன்போ திரும்பிய பின்போ நடக்க வேண்டும்.

2. ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் நோட்டிலும் கால், கண், சிறுநீர்ப் பரிசோதனைத் தேதி இருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி அல்லர்.

3. வீட்டுக்கு மருந்து கொடுப்பதில் காலனி வீடுகள் எத்தனை, கையில் கருவி கட்டிப் பார்த்தது எத்தனை பேருக்கு என்று தனியாகக் கணக்கெடுத்துக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

4. புதிய துணை நிலையங்களைச் சேரியில் கட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் அங்கே வந்து மாத்திரை வாங்கட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென்று 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் இதற்கு இடம் ஒதுக்குங்கள்.

5. மருத்துவமனைக்குச் சென்ற நாளுக்கு நூறு நாள் வேலையில் கூலியோடு வருகை தர வேண்டும்.

பெரியம்மா வீடு திரும்பிவிட்டார். புண் ஆறிக்கொண்டிருக்கிறது, இடது காலில் ஐந்து விரல்களும் இருக்கின்றன. அடுத்து வரச்சொன்ன தேதியில் அவரோடு நாங்களும் போகிறோம். மூன்று முறை எழுதப்பட்ட அந்த வரியை யாரும் அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே மருத்துவர் இன்னொரு வரியை எழுதும்வரை நாங்கள் மேசைக்கு எதிரிலேயே நிற்போம்: "நோயாளி வந்தார். இரண்டு கால்களையும் பார்த்தேன்."