தோற்க அனுமதிக்கப்பட்டவர்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி இங்கே எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பெரும்பாலும் கையில் ஏந்தியே ஆடும் ஆட்டத்துக்கு ஏன் அப்பெயர் என்ற விவாதத்தை விட்டுவிடுவோம். என்னை ஈர்ப்பது வேறொரு கேள்வி: வீழ்ந்துகிடக்கும் ஓர் அணியைப் புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் எப்படி எழுப்புகிறார்? உடைமாற்றும் அறையில் கண்ணீர் வரவழைக்கும் ஓர் உரை, மறுவாரமே வெற்றி என்பது திரைப்படங்கள் நமக்குள் பதித்துவிட்ட சித்திரம். அதை நான் நம்புவதில்லை.

1979ல் பில் வால்ஷ் பொறுப்பேற்றபோது சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி, முந்தைய ஆண்டின் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றிருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நான்கு பயிற்சியாளர்கள் வந்து போயிருந்தனர். கடைசி இடத்துக்கு வந்த அணிக்கு, அடுத்த ஆண்டு கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலாமவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. தோல்விக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல் அது. அதையும், வயதேறி முழங்கால் தளர்ந்த ஓ.ஜே. சிம்ப்சனுக்கு ஈடாகப் பஃபலோ அணியிடம் முன்பே கொடுத்துவிட்டிருந்தார்கள்.

வால்ஷின் முதல் ஆண்டின் முடிவு என்ன? மீண்டும் 2 வெற்றி, 14 தோல்வி. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே மாறவில்லை. ஆனால் அவ்வாண்டு அவருடைய குவார்ட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் 347 எறிதல்களைச் சகவீரர் கைகளில் சேர்த்தார். அதுவரை ஒரு பருவத்தில் எவரும் அத்தனை சேர்த்ததில்லை. குறுகிய தூரம், எண்ணி வைத்த காலடிகள், பந்தைப் பிடிப்பவர் திரும்பும் முன்பே அவ்விடம் நோக்கிப் புறப்பட்டுவிடும் பந்து. வால்ஷ் இம்முறையை உருவாக்கியது சின்சினாட்டியில், உதவிப் பயிற்சியாளராக இருந்த நாட்களில். நீண்ட தூரம் எறியும் வலுவற்ற ஒரு குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்? யாப்பின் நெருக்கடியில் கவிஞனுக்கு ஒரு புதிய சொற்சேர்க்கை அகப்படுவதுபோலத்தான் இதுவும். அலுவலகத்தில் தொலைபேசியை எப்படி எடுத்துப் பேசவேண்டும் என்பது வரை அவர் நெறி வகுத்தார். அப்போது அது நகைப்புக்குரியதாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

1980ல் முதல் மூன்று ஆட்டங்களில் வெற்றி, பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்விகள். எட்டாவது மயாமியில். திரும்பும் விமானத்தில் ஆட்டக்காரர்கள் பார்வையில் படாதபடி உதவியாளர்கள் மறைத்துக்கொள்ள, தான் அழுததையும் பதவி விலக முடிவெடுத்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். விமானம் தரையிறங்குவதற்குள் மனம் மாறியிருந்தது. சில வாரங்களில், அதுவரை ஓர் ஆட்டத்திலும் வெல்லாத நியூ ஆர்லியன்ஸ் அணியிடம் பாதி ஆட்டத்தில் 35-7 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 38-35 என வென்றார்கள். அவ்வாண்டின் கணக்கு 6 வெற்றி, 10 தோல்வி. அடுத்த ஆண்டு 13 வெற்றி. 1982 ஜனவரியில் சூப்பர் பௌலில் அவர்கள் வென்றது சின்சினாட்டியை. 1976ல் தலைமைப் பதவிக்கு வால்ஷைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட அதே சின்சினாட்டி.

வால்ஷின் மேதைமையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுபவர் உரிமையாளர் எடி டிபார்டலோ. வால்ஷை நியமித்தபோது அவருக்கு 32 வயது. முன்கோபி, தோல்வியைத் தாங்காதவர். அப்படிப்பட்ட ஒருவர் முதல் இரண்டு ஆண்டுகளின் 24 தோல்விகளைச் சகித்துக்கொண்டார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் வால்ஷிடமே விட்டுவைத்தார்.

ஜிம் ஹார்பா இதே அணியை 2011ல், வந்த முதல் ஆண்டிலேயே, 6 வெற்றியிலிருந்து 13 வெற்றிக்குக் கொண்டுசெல்லவில்லையா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் திறமையான ஆட்டக்காரர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அணைந்த அடுப்பை ஊதி எழுப்புவதும் அடுப்பையே கட்டுவதும் ஒன்றல்ல.

பொறுமை என்று நான் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதை அல்ல. தோற்றபடி கட்டிக்கொண்டிருப்பவரையும் வெறுமனே தோற்றுக்கொண்டிருப்பவரையும் பிரித்தறியத் தெரியவேண்டும். டிபெர்க்கின் 347ஐ வாசிக்கத் தெரிந்தவருக்கு 14 தோல்விகள் வேறுபொருள் தந்திருக்கும். இவ்வாசிப்பு அரிதானது. பெரும்பாலான உரிமையாளர்களிடம் அது இல்லை என்பதே என் எண்ணம்.

டிபார்டலோவின் மருமகன் ஜெட் யார்க்கின் நிர்வாகத்தில் இதே அணி 2015ல் ஒருவரையும் 2016ல் இன்னொருவரையும் ஒரே பருவத்தில் வெளியேற்றியது. 2017ல் வந்த கைல் ஷானஹனுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. முதல் ஒன்பது ஆட்டங்களும் தோல்வி. இரண்டு ஆண்டுகளில் 32 ஆட்டங்களுக்கு 10 வெற்றிதான். மூன்றாம் ஆண்டு 13 வெற்றிகளோடு அந்த அணியைச் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான்.