கடமான் திரும்பும் நேரம்

மலாய்க்காரர்கள் ரூசா என்பார்கள். நம்மவர்களுக்குக் கடமான். எங்கள் தோட்டத்து யாழ்ப்பாணத்துக் கிராணி அதையே மரை என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரோ ‘எல்க்’ என்று எழுதி வைத்தார்கள். பெயர் எதுவானாலும் மான் ஒன்றுதான்.

1974இல் தித்திவங்சா மலையடிவாரத் தோட்டமொன்றில் என் அப்பா பால்மரம் வெட்டினார். அவருக்கு விழுந்தது காட்டை ஒட்டிய கடைசி நிரை. விடியுமுன் நெற்றி விளக்கோடு அவர் மேட்டில் ஏறுகிற நேரமும், இரவெல்லாம் மேய்ந்த கடமான் காட்டுக்குத் திரும்புகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. முதலில் இரண்டு கண்கள் பளிச்சென்று மின்னும். பிறகு ஈரமண்ணில் பிளந்த குளம்புத் தடம். அவர் பார்த்தது ஒரு தாயும் குட்டியும்.

பகல் முழுவதும் புதருக்குள் படுத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் லாலான் புல்லுக்கும் இளந்தளிருக்கும் இறங்கி வரும். சில நாள் உப்பு மண்ணை நக்க ஓடைப்பக்கம் போகும். மோப்பத்தில் சந்தேகம் தட்டினால் முன்காலால் தரையை ஓங்கி மிதித்து, வாலைத் தூக்கி, ஊதுகுழல்போல ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நிற்பார். பின்னால் புலி வரலாம் அல்லவா?

இவ்வளவையும் ஒருநாள் தேநீர்க் கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். எந்த மேடு, எந்த ஓடை, எத்தனை மணி, எல்லாம்.

இரண்டு வாரம் கழித்து லயத்தில் இறைச்சி பங்கு போட்டார்கள். கம்பிக் கண்ணியில் விழுந்ததாம். எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. அம்மா சமைத்தார், நாங்கள் சாப்பிட்டோம். அப்பா சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டார். பால் மறக்காத குட்டி நாலைந்து நாள் அதே மேட்டில் வந்து நின்றதாக அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்.

2009இல் தீபகற்ப மலேசியாவில் கடமான் வேட்டைக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றம். ஆனாலும் காட்டில் கண்ணிகள் அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கடமான் குறைந்தால் புலிக்கு இரை குறையும். பிறகு அது நம் மாட்டுக் கொட்டகையைத் தேடி வரும்.

அப்பா அந்த நிரையில் மேலும் பதினோரு வருடம் வெட்டினார். “மேட்டுப்பக்கம் மான் நடமாட்டம் உண்டா அண்ணே?” என்று யாராவது கேட்டால், “நான் மரத்தைத்தான் பார்க்கிறேன் தம்பி” என்பார்.