கவனமா நடந்திருக்கணுமாம்!

போன வாரம் பினாங்கின் சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாண விருந்து. கை கழுவும் இடத்தில் ஓர் அம்மா வழுக்கி விழுந்தார். குழாயடியில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. அதில் பாயசமும் ரசமும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. அவரைத் தூக்கி நிறுத்துவதற்குள் மூன்று தீர்ப்புகள் வந்துவிட்டன. “பார்த்து நடக்கக் கூடாதா ஆண்ட்டி?” “வயசானா கவனம் வேணும்லா.” “பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு என்ன அவசரம்?” தீர்ப்புச் சொன்ன மூவரும் அந்தக் குளத்தைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து, அந்த மூவரில் ஒருவரே அங்கே சறுக்கினார். மேசையைப் பிடித்துத் தப்பித்தவர் என்ன சொன்னார் தெரியுமா? “சே, தரை ரொம்ப வழுக்குது!”

அம்மா விழுந்தால் கவனக்குறைவு. ஐயா சறுக்கினால் தரையின் குற்றம்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், பைராம் ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். யார்க்‌ஷையரில் பைராம் என்ற ஊருக்குரிய ராம்ஸ்டன் குடும்பம் கடல் கடந்து வந்து நிலம் வாங்கி வைத்துவிட்டுப் போன பெயர் அது. துரைமார் பெயர் நிலைத்துவிட்டது, பெரியம்மாவின் பெயர் வருகை எடுக்கும் பெரட்டுப் புத்தகத்தோடு போயிற்று. பைராமில் மேடு பள்ளம் கிடையாது, கடலோரச் சமநிலம். ஆனால் பரிட்டுகள் உண்டு. நிரைக்கு நிரை வெட்டிய கால்வாய். அதன் மேல் ஒற்றைப் பலகை, சில இடங்களில் தென்னை மரத் துண்டு. மழைக்காலத்தில் பாசி பிடித்து எண்ணெய் தடவியது போல மின்னும். பெரியம்மா விடியற்காலை ஐந்தரை மணி இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தப் பலகைகளைத் தாண்டுவார். திரும்பும்போது தோளில் காண்டா கம்பு, இரு பக்கமும் ரப்பர் பால் நிறைந்த வாளிகள். ஒரு சொட்டுப் பால் சிந்தினால் கிராணி முகம் சுளிப்பார். முப்பத்தொரு வருடம் இப்படி. ஒரு நாள்கூட விழுந்ததில்லை.

அப்படிப்பட்டவர் மகன் கட்டிய தாமான் வீட்டில், பகல் பதினொரு மணிக்கு, குளியலறையில் விழுந்தார். இத்தாலி டைல்ஸ். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் புட்டியோடு கொண்டு வந்த வாக்கியமும் அதுதான்: “கவனமா நடந்திருக்கணும் அக்கா.”

யாரிடம் யார் கவனத்தைப் பற்றிப் பேசுவது? வாளியோடு பலகையில் நடந்தவரிடம், வாசலில் கழற்றிய தன் சிலிப்பரே எது என்று தெரியாதவர்கள் வகுப்பெடுக்கிறார்கள்!

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பது பல நாடுகளின் மருத்துவக் கணக்கு. முறிவு நேராகக் கொல்வதில்லை. படுக்கையில் போடுகிறது, படுக்கை நெஞ்சில் சளியையும், முதுகில் புண்ணையும், காலில் இரத்தக் கட்டியையும் கொண்டு வருகிறது. பெரியம்மா ஏழாவது மாதம் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பில் ‘உடல்நலக் குறைவால்’ என்று போட்டார்கள். டைல்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாலை விபத்து என்றால் நாம் குண்டும் குழியுமான சாலையைத் திட்டுகிறோம், லாரிக்காரரைத் திட்டுகிறோம், மாநகராட்சியைத் திட்டுகிறோம். வீட்டில் விழுந்தால் மட்டும் விழுந்தவரையே திட்டுகிறோம்.

பாடகி வாணி ஜெயராம் 2023 பிப்ரவரி 4 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 77. தனியாக வாழ்ந்தவர். கீழே விழுந்ததில் மேசை தலையில் அடித்தது என்பது போலீஸ் விசாரணையின் முடிவு. ஸ்வரம் ஒன்று அரை மயிரிழை விலகினாலும் பொறுக்காதவருக்குக் கவனம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? என் பெரியம்மாவுக்கு மட்டும் சொல்வார்கள். பெரியம்மாவுக்குப் பத்மபூஷண் வரவில்லை பாருங்கள்.

வயதானவர் விழுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. இரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தூக்க மாத்திரை காலைவரை காலைத் தள்ளாட வைக்கும். கண்ணில் புரை, பாதத்தில் சர்க்கரையால் மரத்துப்போன உணர்வு, இரவில் இரண்டு தடவை சிறுநீர், வழியில் விளக்கில்லாத நடை. இதில் எதைக் கவனத்தால் சரிசெய்வது? மரத்துப்போன பாதத்துக்குத் தரை ஈரம் என்றே தெரியாதே! இதற்கு நம்மவர்களின் மருந்து என்ன? திருஷ்டி கழித்து எலுமிச்சம்பழம் வெட்டுவது. முறிந்த இடத்தில் உருவி விடுவது. சனிப்பெயர்ச்சியைப் பார்ப்பது. பெரியம்மா விழுந்த மறுவாரம் அந்த வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அதன் விதையில் வழுக்கி இன்னொருவர் விழாதது கடவுள் செயல்.

வேலையிடத்துக்கு வருவோம். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் சில காலம் இருந்தேன். இயந்திரத்தடியில் எண்ணெய் கசியும். கசிவை அடைக்கச் சொன்னால் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுவார்கள். நனைந்த அட்டை எண்ணெயைவிட மோசம். விழுந்தவருக்கு ஒரு படிவம். அதில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவார்கள். அச்சடித்தே வைத்திருக்கலாம், மை மிச்சம். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, முதலாளியின் கடமையைச் சொல்கிறது. 24ஆம் பிரிவு, தொழிலாளியும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது. மேற்பார்வையாளர்களுக்கு 24 மனப்பாடம். 15க்கு வரும்போது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டார்கள். 2024 ஜூன் 1 முதல் திருத்தம் அமலாகி, முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5,00,000 வெள்ளி ஆகியிருக்கிறது. அதன் பிறகு எல்லா இடத்திலும் ஒன்று மட்டும் பெருகியிருக்கிறது: ‘தரை ஈரம், கவனம்’ என்ற மஞ்சள் பலகை. அது எச்சரிக்கையா, ‘விழுந்தால் எங்களைக் கேட்காதே’ என்ற முன்ஜாமீனா? பைராமின் பரிட்டுப் பலகைக்கு இப்படி ஒரு பலகை யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தால் பெரியம்மா அதில்தான் தடுக்கியிருப்பார்.

தெருவிலும் இதே கதைதான். ஜார்ஜ்டவுனுக்குப் போய்ப் பாருங்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கடைவாசல் நடைபாதையான காக்கி லீமாவோ ஒரு கடைக்கு ஒரு உயரம். நடுவில் மோட்டார் சைக்கிள், நாற்காலி, கழுவி விட்ட தண்ணீர். சுற்றுப்பயணிக்கு அது படம் எடுக்கும் அழகு. மாத்திரை வாங்க நடக்கும் எழுபது வயதுக்காரருக்குப் பரிட்டே மேல்.

இன்னொன்று. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கான திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி. அடுப்படியில் வழுக்கி விழுந்தாலும் அது விபத்துதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட திட்டம், வாழ்க. ஆனால் சேருவதற்கு 55 வயதுக்குள் இருக்க வேண்டும். விழும் வயது தொடங்கும் இடத்தில் கதவை அடைத்துவிட்டார்கள்! அதற்கு மேல் விழுந்தால், வேறென்ன, கவனக்குறைவு.

பெரியம்மா போன பிறகு, இப்போது அந்தக் குளியலறையைப் புழங்குவது பெரியம்மாவின் மகனான அண்ணனின் மாமியார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. போன மாதம் இரும்புக்கடையில் இரண்டு கைப்பிடிக் கம்பி வாங்கிக்கொண்டு போனேன். ஒரு கல்யாண மொய் அளவுகூட ஆகவில்லை. துளைபோடும் மிஷினையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேணாம்டா தம்பி. துளை போட்டா டைல்ஸ் கீறிடும். இந்த டிசைன் இப்ப கிடைக்காது. அத்தைகிட்ட கவனமா நடக்கச் சொல்லியிருக்கேன்.”

கம்பிகள் இன்னும் என் காரின் பின்பெட்டியில்தான் கிடக்கின்றன. வளைவில் திரும்பும்போதெல்லாம் உருண்டு சத்தம் போடுகின்றன.