ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்!

அவர் ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர். சென்னையில் டி.சி.எஸ். கம்பெனியில் 8 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். 2015-ம் ஆண்டு, வேலைத்திறன் போதாது என்று காரணம் காட்டி கம்பெனி அவரை வெளியே அனுப்பியது.

அந்தச் சமயத்தில் அதே கம்பெனியில் வேலை இழந்தவர்கள் பலர். கிடைத்ததை வாங்கிக் கொண்டு வேறு இடம் தேடிப் போனவர்கள் உண்டு. இவர் போகவில்லை. தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

வழக்கு 7 ஆண்டு நடந்தது. அவர் கோர்ட்டு படி ஏறியது 150 தடவைக்கு மேல்! நடுவில் குடும்பம் நடக்க வேண்டாமா? வீடு, மனை புரோக்கர் வேலை பார்த்தார். கிடைத்த சில்லறை வேலைகளையும் பார்த்தார்.

2022-ல் தீர்ப்பு வந்தது. அவருக்கு மறுபடி வேலை கொடுக்க வேண்டும், இடையில் போன காலத்துக்கு முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது.

தாம்பரத்தில் ரெயில் ஏறி தினமும் ஆபீஸ் போகிறவர்கள் இந்த வழக்கைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. 7 ஆண்டு அலைந்தது கொடுமைதான். அதற்காக அல்ல. கம்பெனி என்ன வாதம் செய்தது, கோர்ட்டு அதற்கு என்ன சொன்னது என்பதற்காக!

பெயர் மானேஜர்!

"அவர் தொழிலாளியே அல்ல. மானேஜர் மாதிரி பதவியில் இருந்தவர். தொழிலாளர் சட்டம் அவருக்குப் பொருந்தாது" என்பதுதான் கம்பெனியின் வாதத்தின் சாரம்.

கோர்ட்டு அதை ஏற்கவில்லை. பதவியின் பெயர் என்ன என்பது முக்கியம் அல்ல. தினமும் அவர் செய்த வேலை என்ன? அவருக்குக் கீழே ஆள் இருந்ததா? லீவு கொடுக்கவும், ஆளை வைக்கவும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்ததா? இதைத்தான் பார்க்க வேண்டும். அவர் மானேஜர் வேலை பார்த்தார் என்பதைக் கம்பெனியால் நிரூபிக்க முடியவில்லை.

இது பெரிய கம்பெனி விவகாரம், நமக்கு என்ன என்று நினைக்கலாம். அப்படி இல்லை. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஜவுளிக் கடைகளில் பாருங்கள். நேற்று வரை சேல்ஸ்மேன். இன்று "புளோர் மானேஜர்". சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தி விடுகிறார்கள். சம்பளம் கூடியதா என்றால், பேச்சே இல்லை. கணக்கு எழுதுகிறவர் "அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ்" ஆகிவிட்டார். வாட்ச்மேனுக்குக்கூட "ஆபீசர்" பட்டம் உண்டு.

பட்டம் இலவசம். ஆனால் வாங்கிக் கொள்கிறவருக்கு நஷ்டம் வரலாம். மேற்பார்வை வேலை பார்க்கிறவர் என்று ஆகிவிட்டால், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவருக்குத் தொழிலாளி என்ற பாதுகாப்பு கிடையாது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இந்த எல்லை ரூ.10 ஆயிரமாக இருந்தது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் ரூ.18 ஆயிரம் ஆனது. இன்றைய விலைவாசியில் ரூ.18 ஆயிரம் எந்த மூலைக்கு? இரண்டு பேருக்கு வேலை ஏவுகிற ஒரு குமாஸ்தா அதைத் தாண்டி விடுவார்.

அதனால், "உங்களுக்குப் பிரமோஷன்" என்று சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், புதிதாக என்ன அதிகாரம் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

கண்ணாடி அறை

ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேலே முடிவு ஆகிவிட்டால், அது எப்படி நடக்கும் என்பது வேலை போனவர்களுக்குத் தெரியும்.

ஒரு மாலை நேரம் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறை. எதிரே இரண்டு பேர். காபி வரும். கொடுமைக்கார மானேஜர்கூட அன்று மட்டும் அன்பாகப் பேசுவார். "உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றோம். நாங்களா நீக்கினா ரெக்கார்டு கெட்டுப் போகும். நீங்களே எழுதிக் குடுத்துட்டா கவுரவமாப் போகலாம்" என்பார். கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். பேனாவும் இருக்கும்.

பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். கடன் தவணை, பிள்ளை பள்ளிக்கூட பீஸ் எல்லாம் கண் முன்னால் ஓடும்போது, யோசிக்க மூளை எங்கே வேலை செய்யும்? போட்டு விடுகிறார்கள் கையெழுத்து.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? நீக்கியது கம்பெனி என்ற விஷயமே மறைந்து விடுகிறது. "அவராகப் போனார்" என்று ஆகிவிடுகிறது. பிறகு எந்த அதிகாரியிடம் போய் முறையிடுவது? மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் எழுதிக் கொடுத்தவர் தலையில் விழுகிறது. அந்த அறையில் சாட்சி யார்? எதிரே இருந்த அந்த இரண்டு பேர்தான்!

தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டு முதல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு கடையிலோ ஆபீசிலோ 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதில் சம்பளம் கொடுக்க வேண்டும். தப்பு செய்தார் என்றால் விசாரணை வைத்து, சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். இது 41-வது பிரிவு. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் அப்பீல் செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை தேடுவதுபோல் ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் பலன் இருக்காது.

ஆனால் இத்தனையும் "நீக்கினால்" மட்டும்தான். ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இந்த வாசல் அடைத்த மாதிரிதான். அதனால்தான் பேனாவை முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. "வீட்டில் கலந்து பேசி நாளைக்குச் சொல்கிறேன்." சத்தம் போட வேண்டாம். மேஜையைத் தட்ட வேண்டாம். மறுநாள் வந்து, "நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை" என்று எழுதி அனுப்பினால் போதும். நீக்க வேண்டும் என்றால் அவர்களே எழுத்தில் நீக்கட்டும்.

சிடுசிடு மானேஜர்

வேலை போவதற்கு முன்னால் நடக்கும் கூத்து வேறு. ஒரு மானேஜரின் வாயில் மாட்டிக் கொண்டவர் படும் பாடு இருக்கிறதே, அதைக் கேட்க வேண்டும் என்றால் மாலை 7 மணி வண்டியில் ஏறினால் போதும். பல்லாவரம் வருவதற்குள் ஒரு மானேஜரை உரித்துத் தொங்க விட்டிருப்பார்கள். தாம்பரத்தில் இறங்கும்போது மனசு கொஞ்சம் லேசாகி இருக்கும். 1931 முதல் மின்சார ரெயில் ஓடும் பாதை இது. எத்தனை தலைமுறை மானேஜர்கள் திட்டு வாங்கி இருப்பார்கள்!

திட்டலாம். தப்பில்லை. ஆனால் திட்டினால் மட்டும் போதாது. சிடுசிடுப்பவர் எல்லாம் கெட்டவர் அல்ல. சிலருக்கு மேலே இருந்து நெருக்கடி. இத்தனை பேரைக் குறை என்று ஒரு லிஸ்ட் வந்திருக்கும். அந்த லிஸ்டின் கடைசியில் தன் பெயரும் இருக்குமோ என்ற பயம் அவருக்கும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் எதிர்த்து நிற்பதைவிட, வேலையைக் கேள்வி இல்லாமல் செய்து ரெக்கார்டு வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

வேண்டும் என்றே குழி பறிக்கிறவர் வேறு ரகம். அவர் எதையும் எழுத்தில் கொடுக்க மாட்டார். எல்லாம் வாய் உத்தரவு. நாளை தப்பு என்று வந்தால், "நான் எப்போ சொன்னேன்?" என்பார். அவருக்கு மருந்து காகிதம்தான். "நீங்கள் இன்று சொன்னபடி இந்த வேலையைச் செய்கிறேன்" என்று மரியாதையாக இரண்டு வரி எழுதி அனுப்பி விட வேண்டும். மெமோ வந்தால் வாங்க மறுக்கக் கூடாது. கோபத்தில் கிழிக்கக் கூடாது. தேதி போட்டு வாங்கி, கெடுவுக்குள் பதில் எழுதி, ஒரு நகல் வீட்டில் வைக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால், வேலை போகும் அன்று முதலில் அடைபடுவது அதுதான்.

கடை முதலாளிகளும் இதைப் படிக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பண்டிகை முடிந்தால் வியாபாரம் படுத்து விடுகிறது, எத்தனை பேருக்குச் சும்மா சம்பளம் கொடுப்பது என்று கேட்கிறார்கள். சரிதான். ஆனால் அதைச் சொல்லி, ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, மரியாதையாக அனுப்பலாமே! "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று இரவு ஷட்டர் போடும்போது சொல்வது என்ன நியாயம்? பகல் முழுதும் நின்றுகொண்டே இருக்கிற கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! கேரளா அதற்கு முன்பே, 2018-ல் செய்து விட்டது.

480 நாள்

சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984-ல் வந்தது. மெப்ஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே மட்டும் அல்ல, தெற்குப் புறநகர் முழுவதும் இப்போது கேட்கிற வார்த்தை "கான்டிராக்ட்".

1981-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்கிறது. சிறிய நிறுவனங்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இதில் இருந்து தப்பிக்க சிலர் செய்கிற தந்திரம் இருக்கிறதே! 480-ஐ நெருங்கும்போது ஆளை நிறுத்தி, வேறு கான்டிராக்டர் பெயரில் மறுபடி எடுப்பார்கள். அதே மெஷின், அதே ஆள், அதே டிபன் பாக்ஸ். பெயர்ப் பதிவேடு மட்டும் வேறு!

இதைத் தனி ஆளாக நின்று கேட்பது கஷ்டம். கேட்டவரைத்தான் முதலில் அனுப்புவார்கள். சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறைமலைநகர் போர்டு கார் தொழிற்சாலையைச் சொல்லலாம்.

2021 செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று போர்டு அறிவித்தது. மறைமலைநகரில் மட்டும் சுமார் 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள். வேலை தொடராது என்று தெரிந்தவுடன், நஷ்டஈடாவது நியாயமாக வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. 2022 மே கடைசியில் வேலைநிறுத்தம். கம்பெனி முதலில் சொன்ன தொகைக்கும் அந்த ஆண்டு செப்டம்பரில் முடிவான தொகைக்கும் நல்ல வித்தியாசம். அவர்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு இருந்தால் அந்த வித்தியாசம் வந்திருக்குமா?

அங்கேயும் வேலை போனது போனதுதான். அதை மறைக்க வேண்டாம். 2025 அக்டோபரில் போர்டு மறுபடி வருவதாக ஒப்பந்தம் போட்டது. ரூ.3,250 கோடியில் என்ஜின் தயாரிப்பு, 2029-ல் உற்பத்தி, சுமார் 600 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. பழைய 2,600 எங்கே, இந்த 600 எங்கே?

பெருங்களத்தூர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. ஸ்டாண்டர்டு கார் கம்பெனி 1980-களின் கடைசியில் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் அது. அந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள். அப்பா கார் கம்பெனி வாசலில் நின்றார். பிள்ளை அதே இடத்தில் கழுத்தில் அட்டையைத் தொங்க விட்டுக் கொண்டு போகிறான். கம்ப்யூட்டர்காரனுக்கு எதற்கு யூனியன் என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தி விட்டது. வைத்தவர்கள் எத்தனை பேர்?

பீரோவில் தேடுங்கள்

வேலை போன பிறகு வீட்டில் சொல்லாமல், வழக்கம்போல் காலையில் சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பி, பொழுதைப் போக்கி விட்டு மாலையில் திரும்புகிறவர்களும் உண்டு. சீசன் டிக்கெட் தீரும் வரை அது ஓடும். அந்த நாட்களில்தான் அப்பீல் கெடுவும் ஓடிக் கொண்டு இருக்கிறது. மனைவியிடம் முதலில் சொல்லி விடுவது நல்லது. எந்தக் காகிதம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பது பல வீடுகளில் அவருக்குத்தான் தெரியும்.

நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை. இவை இல்லாமல் எந்த அதிகாரியிடம் போனாலும் முதல் கேள்வியிலேயே வழக்கு நொண்டும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதம் கொடுத்தே தீர வேண்டும் என்று 2025-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு சொல்கிறது. வேலையை விட்டு நீக்கினாலும், தானாக விலகினாலும், சம்பள பாக்கியை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. "அடுத்த மாசம் வந்து பாருங்க" என்று இனி அலைய விடக் கூடாது.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் அந்த நியமன உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இல்லை என்றால், மானேஜர் நல்ல மூடில் இருக்கும்போது, நாளைக்கே கேட்டு விடுங்கள்.