வருகைப் பதிவேடும் வழக்குப் பதிவேடும்



போன மாசம் ஒரு காலை நேரம். ஜீயபுரம் ஸ்டேஷனில் திருச்சி பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட்டோடு ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். ஒரு சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவன். கல்லூரியின் பெயரும் அவன் ஊர்ப் பெயரும் இங்கே வேண்டாம். அம்மாவும் அப்பாவும் வாழைக்கொல்லையில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் தெருவிலிருந்து சட்டம் படிக்கப் போன முதல் ஆள் அவன்தான். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“அண்ணே, உங்க மேல எஃப்.ஐ.ஆர். இருக்கா, கேஸ் இருக்கா, விடுதலை ஆகியிருந்தாலும் சொல்லுன்னு கேட்டிருக்காங்க. இருக்குன்னு எழுதினா டிகிரி நிக்குமாம். இல்லைன்னு எழுதினா மறைச்சேன்னு நிக்குமாம். என்னத்தண்ணே எழுதறது?”

அவன்மேல் வழக்கு இருக்கிறது. அது வந்த கதை நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுடுகாட்டுப் பாதையை ஊர்த்தெரு ஆட்கள் மறித்தார்கள். கைகலப்பு ஆனது. காலனி சனங்கள் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே எதிர்ப்புகார் ஒன்று வாங்கப்பட்டது. அதில் ஏழாவது பெயர் இவனுடையது. சம்பவம் நடந்தபோது இவன் ஊரிலேயே இல்லை, சாயங்காலம்தான் வந்தான். பிறகு எப்படி ஏழாவது ஆள் ஆனான்? காலனி சனங்கள் கொடுத்த மனு இவன் கையெழுத்தில் இருந்தது. சட்டம் படிக்கிற பையன் மனு எழுதிக் கொடுத்தான். அதுதான் அவன் செய்த குற்றம்.

இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2024 செப்டம்பர் 24 அன்று இந்திய பார் கவுன்சில் எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர்கள் தங்கள்மேல் உள்ள முதல் தகவல் அறிக்கை, நிலுவையில் உள்ள வழக்கு, தண்டனை, விடுதலை என எல்லாவற்றையும் எழுதித் தரவேண்டும். அப்படி யாராவது இருந்தால் கல்லூரி அதை பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அங்கிருந்து முடிவு வரும்வரை கடைசி மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் தராமல் வைத்திருக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அதையும் சொல்ல வேண்டும். வருகைக்குக் கைரேகைக் கருவி, வகுப்பறையில் கேமரா. இவ்வளவும் ஒரே சுற்றறிக்கையில்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் 24ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. யாரை வழக்கறிஞராகப் பதிவு செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் *தண்டனை பெற்றவரை*ப் பதிவு செய்யக்கூடாது. அந்தத் தடையும் விடுதலையாகி இரண்டு வருஷம் ஆனால் நீங்கிவிடும். இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவரும் வழக்கறிஞர் ஆகமுடியாது. அதாவது நாடாளுமன்றம் ஒரு சாதிவெறியனைப் பெயர் சொல்லி அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. சட்டத்துக்குத் தண்டனை தேவைப்படுகிறது. சுற்றறிக்கைக்கு எஃப்.ஐ.ஆர். போதும், விடுதலை ஆனதுகூடப் போதும். எங்க தம்பி மாதிரி, தீண்டாமையை எதிர்த்து மனு எழுதினவன் இப்போது அதே கதவுக்கு வெளியே நிற்கிறான்.

எஃப்.ஐ.ஆர். என்பது தீர்ப்பு அல்ல. ஒரு ஏட்டு உட்கார்ந்து எழுதுகிற தாள். அந்தத் தாளில் யார் பெயர் ஏறும், யார் பெயர் இறங்கும் என்பதை அந்த வட்டாரத்தில் எந்தச் சாதிக்கு நிலம் இருக்கிறது, எந்தச் சாதிக்குக் கட்சிப் பதவி இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பி.சி.ஆர். போட்டால் கவுண்டர் கேஸ் வரும் என்பது சேரியில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். சிலை விவகாரம், சாலை மறியல், பஞ்சமி நில மீட்பு, பாதைப் பிரச்சினை என்று எது நடந்தாலும் நம் பையன்கள்மேல் வழக்கு இருக்கும். போராடாத மாணவனுக்கு வெள்ளைத் தாள், போராடின மாணவனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட பட்டம். இதை நடத்தை விதி என்கிறார்கள்.

“அப்போ ரவுடியெல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டு வரலாமா?” என்று எங்கள் கிளையிலேயே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டப் பஞ்சாயத்து வக்கீல்களால் முதலில் நிலத்தை இழக்கிறவர்கள் நம் சனங்கள்தான். அவர்களைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனை பெற்றவரைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, அதைச் செய்யுங்கள். ஆனால் பணம் உள்ள ரவுடிமேல் எஃப்.ஐ.ஆர். ஏறாது, ஏறினாலும் ரத்து ஆகும். அவன் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவான். இந்தச் சல்லடையில் மாட்டுகிறவன் மனு எழுதினவன் மட்டும்தான்.

அடுத்தது வருகைப் பதிவேடு. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் 12ஆம் விதி: ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை முதல்வர் மன்னிக்கலாம், அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருந்தால். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே எண்.

நான் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவன். அந்த ஒரே எண் எங்கள் மேஜைக்கு வரும்போது எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன். கல்விக் கடனை நாங்கள் மொத்தமாகக் கொடுப்பதில்லை. வருஷா வருஷம் மார்க் பட்டியலும் போனாஃபைடும் கொண்டுவந்தால்தான் அடுத்த தவணை. அட்டெண்டன்ஸ் லேக் ஆகி பரீட்சை எழுத முடியாமல் ஒரு வருஷம் நின்றுபோனால் தவணை நிற்கும். அதே வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிற்கும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்குத்தானே அந்த உதவித்தொகை? அந்த வீட்டில் வேறு எங்கே பணம் இருக்கும்? பணக்கார வீட்டுப் பையனுக்கு லேக் என்றால் ஆறு மாசம் தள்ளிப்போகும். நம் பையனுக்கு லேக் என்றால் திருப்பூருக்கு பஸ். என் கவுன்டருக்கு வரும் சில தாய்மார்கள் கடனைப் பற்றிக் கேட்பதே இல்லை. “படிப்பு நின்னுபோச்சு சார், நகையை மட்டும் எப்போ திருப்பறதுன்னு சொல்லுங்க” என்பார்கள்.

ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று யாராவது கேட்டார்களா? தார் வெட்டுக் காலத்தில் வீட்டுக்குக் கூலி வேண்டும். ராத்திரி ஓட்டலிலோ டெலிவரி வேலையிலோ நின்றவன் காலை முதல் வகுப்புக்கு எப்படி வருவான்? ஒருகாலத்தில் இதற்கு மாலை நேரச் சட்ட வகுப்பு என்று ஒரு வழி இருந்தது. வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் அப்படிப் படித்து வக்கீல் ஆனார்கள். வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் என்று அதே 2008 விதிகள் அந்த வழியை அடைத்தன. பேங்கில் சேர்ந்தபிறகு சட்டம் படிக்கவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். முடியவில்லை. அதனால் கவிதை எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

2016 ஆகஸ்டில் தில்லியில் ஒரு சட்ட மாணவர், வருகை போதவில்லை என்று பரீட்சைக்கு அனுமதிக்கப்படாததைத் தொடர்ந்து தற்கொலை செய்துகொண்டார். அதை ஒட்டி நடந்த வழக்கில் 2025 நவம்பர் 3 அன்று தில்லி உயர்நீதிமன்றம், வருகைக் குறைவைக் காரணம் காட்டிச் சட்ட மாணவரைப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கக்கூடாது, பார் கவுன்சில் தன் விதியை மறுபடி யோசிக்க வேண்டும் என்று சொன்னது. ஒரு உயிர் போய் ஒன்பது வருஷம் கழித்து வந்த சொல். இதைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் யாராவது தடுக்கப்பட்டால் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பாபாசாகேப் வாழ்க்கையில் ஒரு செய்தி. 1917ல் பரோடா உதவித்தொகை முடிந்துபோனதால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நான்கு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திக் காசு சேர்த்தார். 1920ல் திரும்பிப் போனார். பாரிஸ்டர் ஆனார், 1923ல் டி.எஸ்ஸி. பட்டமும் வாங்கினார். 1935ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராக உட்கார்ந்தார். காசில்லாமல் போனவனுக்குத் திரும்பி வர ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தால் அரசமைப்புச் சட்டத்தின் கதை என்ன ஆகியிருக்கும்? அவர் பெயரைக் கல்லூரிகளுக்கு வைக்கிறோம். அவருக்குக் கிடைத்த அந்த நான்கு வருஷ அவகாசத்தை அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்கிறோம்.

பெயர் என்றதும் 2008 நவம்பர் 12 நினைவுக்கு வருகிறது. நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி மாணவர் மோதலை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடப்பட்டதுதான் உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. அடித்தது டி.வி.யில் தெரிந்தது. சுவரொட்டி தெரியவில்லை. போலீஸ் கைகட்டி நின்றதும் தெரிந்தது. விழுந்தவனை அடித்ததை நான் அன்றும் நியாயப்படுத்தவில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்ட நாளிலேயே நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நவம்பர் 12 வந்திருக்காது. பிறகு நீதிபதி சண்முகம் ஆணையம் வந்தது. கடைசியில் 2018ல் கல்லூரியையே உயர்நீதிமன்ற வளாகத்திலிருந்து தூக்கி, பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே, பகுதிநேர வேலையும் செய்துகொண்டே படித்த ஏழைப் பிள்ளைகள் நகரத்துக்கு வெளியே போனார்கள். சாதி மட்டும் எங்கேயும் போகவில்லை.

எங்கள் பக்கத்துக்கே வருவோம். நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கே ஒரு தலித் மாணவருக்குக் குளிர்பானத்தில் சிறுநீர் கலந்து கொடுத்ததாகப் புகார் எழுந்தது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது, போலீசில் வழக்கும் பதிவானது. யார் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. மாணவன் எத்தனை வகுப்புக்கு வந்தான் என்று அளக்கக் கைரேகைக் கருவி வைக்கச் சொல்கிறீர்கள். அவன் மெஸ்ஸில் யாரோடு உட்கார முடிகிறது, அவன் பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி என்ன வருகிறது, ‘கோட்டா’ என்று எத்தனை முறை காதில் விழுகிறது என்பதை அளக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?

வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். அது ஒழுங்காக நடக்கவில்லை என்றுதான் ரோஹித் வெமுலாவின் தாயாரும் பாயல் தட்வியின் தாயாரும் 2019ல் உச்சநீதிமன்றம் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்கள் விதியை அமல்படுத்து என்று கேட்டார்கள். 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புது விதிகளை அறிவித்தது. அதே மாசம் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. ரோஹித்தையும் மற்ற நான்கு தலித் மாணவர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியதும் ஒரு ஒழுங்கு நடவடிக்கைதான் என்பதை மறக்காதீர்கள். நமக்கு எதிரான விதி காலையில் வந்தால் மத்தியானம் அமலாகிறது. நமக்கான விதி வழக்கு மன்றத்தில் காத்துக் கிடக்கிறது.

நாம் கேட்கவேண்டியவை இவை. எஃப்.ஐ.ஆரை வைத்துப் பட்டத்தை நிறுத்தாதே. சட்டம் சொல்வதுபோலத் தண்டனையை மட்டும் பார். வருகை குறைந்தால் காரணத்தைக் கேள், கூடுதல் வகுப்பு வை, பரீட்சையைத் தடுக்காதே. வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை வகுப்பைத் திரும்பத் திற. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் தலித், பழங்குடி ஆசிரியர் ஒருவராவது இருக்கட்டும். குற்றச்சாட்டு எழுத்தில், தமிழில் தரப்படட்டும். பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதற்குப் போராட்டம்கூட வேண்டாம். நாளைக்கே உங்கள் கல்லூரியில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விதியை எதிர்ப்பது வகுப்பைப் புறக்கணிப்பது அல்ல. வகுப்புக்குப் போங்கள். நூலகத்தில் உட்காருங்கள். எதிராளியின் புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள். 2024 ஜூலை 30ல் உச்சநீதிமன்றம், வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்தான், அதற்குமேல் வாங்கக்கூடாது என்றது. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த வரம்பை ஒருவர் எடுத்துப் படித்துக் கேட்டதால்தான் அது நின்றது.

பாசஞ்சர் வந்துவிட்டது. கோட்டை ஸ்டேஷன் வரை அந்தத் தம்பியும் நானும் பேசிக்கொண்டே போனோம். கடைசியில் அவனே முடிவு செய்தான். “இருக்குன்னே எழுதறேண்ணே. கூடவே அந்த மனுவோட நகலையும் வச்சுத் தைச்சுக் குடுத்துடறேன். எதுக்காகக் கேஸ்னு அவங்களும் படிக்கட்டும்.”

எழுதிக் கொடுத்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அவன் தனியாகப் போகமாட்டான், நாமும் போவோம். இதே தாளை வைத்துக்கொண்டு முழிக்கிற மாணவர்கள் வேறு யார் இருந்தாலும் இதழுக்கு எழுதுங்கள். பெயர் போடமாட்டோம். ஒன்றாகச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம். யார் கையெழுத்து என்று அப்போது தேடட்டும்.

ஜெய்பீம்.