பீரங்கி சரி, அதை இழுப்பது யார்?

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பீரங்கி. அதன் முன்னால் ஒரு சின்ன வண்டி. பார்த்தால் விளையாட்டுச் சாமான். ஆனால் அதை வைத்து நடக்கும் சண்டை விளையாட்டு அல்ல!

"இந்தப் பீரங்கிக்கு இந்த வண்டி பொருந்தாது" என்கிறார் ஒருவர்.

"ஏன் பொருந்தாது?" என்று எகிறுகிறார் இன்னொருவர்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த ராட்சதப் பீரங்கிகளைச் சிறிய மாதிரிகளாகச் செய்து அடுக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு. அசலில் 35-ல் ஒரு பங்கு என்பது அவர்கள் விரும்பும் அளவு. இந்த அளவு வந்த கதை வேடிக்கையானது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி ஒரு டாங்கி பொம்மை செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும். அதற்குத் தக்கபடி உடலைப் பெரிதாக்கினார்கள். பிறகு அளந்து பார்த்தால், 35-ல் ஒன்று!

பொம்மைக்குப் போய் இத்தனை தகராறா என்று சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கேட்பது நல்ல கேள்வி. சுடுவதற்கு முன்னால் பீரங்கி போர்க்களத்துக்குப் போய்ச் சேரவேண்டுமே! அதை இழுத்தது யார்?

பெயரில் உள்ள எடை

ஜெர்மன் படையில் "ஆப்-டிராக்" என்ற இழுவை வண்டிகள் இருந்தன. முன்புறம் சாதாரணச் சக்கரம். பின்புறம் டாங்கிக்கு இருப்பது போன்ற சங்கிலிப் பட்டை. 8 டன் வண்டி, 12 டன் வண்டி, 18 டன் வண்டி என்று அவற்றைச் சொல்வார்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான். அது வண்டியின் எடை அல்ல. வண்டி இழுக்கவேண்டிய சுமையின் எடை.

எல்லாவற்றிலும் பெரியது 18 டன் வண்டி. பிரெஸ்லாவ் நகரத்து ஃபாமோ கம்பெனி செய்தது. 270 குதிரைச் சக்தி! நீளம் 8 மீட்டருக்கு மேல். மாதிரியாகச் செய்தால் ஒரு சாணுக்கு மேல் வரும்.

21 சென்டிமீட்டர் பீரங்கிக்கு இதுவே போதாது. பயணத்தின்போது அந்தப் பீரங்கி சுமார் 22 டன் கனம். ஆகவே தூரப் பயணம் என்றால் குழாயைத் தனியாகக் கழற்றி, வேறொரு வண்டியில் ஏற்றுவார்கள். பீரங்கி ஒன்று, இழுக்கும் வண்டி இரண்டு. ஒரே வண்டியைப் பூட்டிவிட்டு, "நெடும்பயணம்" என்று அட்டை எழுதி வைப்பது தவறு.

நிஜக் குதிரைகள்

15 சென்டிமீட்டர் பீரங்கியின் கதை வேறு. பயணத்தில் அதன் கனம் 6 டன்னுக்குச் சற்று அதிகம். 8 டன் வண்டி அதை இழுத்துவிடும். அந்த வண்டியை உருவாக்கியது மியூனிக் நகரில் ரயில் என்ஜின் கட்டிய கிராஸ்-மாஃபை கம்பெனி. மாதிரி செய்கிறவர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. பீரங்கி வாங்கினால் கூடவே அதையும் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள்.

இங்கேதான் சரித்திரம் கோணலாகிறது.

இந்தப் பீரங்கிகளில் ஏராளமானவற்றை இழுத்தவை குதிரைகள். குழாய் ஒரு வண்டியில், மற்ற பாகம் இன்னொரு வண்டியில். வண்டிக்கு 6 குதிரைகள். ஒரு பீரங்கிக்கு 12 குதிரைகள்!

எந்தப் பீரங்கி எந்த வகை என்று சக்கரமே சொல்லும். குதிரை இழுத்ததற்கு வெறும் இரும்புப் பட்டை. மோட்டார் இழுத்ததற்கு ரப்பர். இரும்புச் சக்கரப் பீரங்கியை மோட்டார் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்.

12 குதிரைகளைச் செய்வது சிரமம்தான். கடிவாளமும் வாரும் தலைமுடி போல மெல்லியவை. ஆனாலும் செய்யத்தான் வேண்டும். ஹிட்லரின் படை முழுவதும் மோட்டாரில் பறந்தது என்பது பிரசாரப் படங்கள் கட்டிய கதை. 1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது அந்தப் படையோடு 6 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் போயின. சேற்றிலும் பனியிலும் அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. குதிரையை ஒதுக்கிவிட்டுப் பளபளக்கும் வண்டியை மட்டும் வைத்தால், அந்தப் பிரசாரத்தை இன்றைய பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். படம் பார்த்துப் படிக்கிற வயதில் மனத்தில் பதிந்தது லேசில் அழியாது.

இழுவைக்கு ஜெர்மானியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரஷ்யரிடம் பிடித்த "ஸ்டாலினெட்ஸ்" டிராக்டர்களைக்கூடப் பீரங்கிக்குப் பூட்டினார்கள். வயலில் கலப்பை இழுத்த இனம் அது! அலமாரியில் அதையும் ஒருவர் வைத்தால் குறை சொல்ல முடியாது.

1944 ஆகஸ்டில் பிரான்சில், ஃபலேஸ் அருகே ஜெர்மன் படை வளைத்துக்கொள்ளப்பட்டது. சாலையெங்கும் செத்த குதிரைகள், எரிந்த வண்டிகள். இழுக்க ஆளில்லாமல் விட்ட பீரங்கிகள் ஏராளம். அந்தக் காட்சியைச் செய்கிறவர், பொருத்தமான வண்டி தேடி அலையவேண்டியதே இல்லை.